லிசாவின் பெயரில் ஒரு சட்டம்

திண்டுக்கல்,
6 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் சரியாகப் பேசவில்லை என்று வருத்தப்படாதே. இந்த ஹாஸ்டலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் போன். வார்டன் சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அங்கே என்ன பேசுவது? கடிதத்தை இங்கே யாரும் பிரிப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. மீன் கண்ணிலேயே படவில்லை. அறையில் நான்கு பேர். மேல் கட்டில் எனக்கு, கீழே பூஜா. அவளுடைய அப்பாவுக்குத் தி. நகரில் துணிக்கடை, வீடு மேற்கு மாம்பலம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் மயிலாப்பூர் என்றதும், "அப்போ உன் பாவாடைக்கு எங்கப்பாதான்டி துணி கிழிச்சிருப்பாரு" என்றாள். பதினொன்றாம் வகுப்புக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டாள். இது நல்ல பள்ளிக்கூடம் என்று அம்மா சேர்த்தாள் என்றேன். யாராவது கேட்டால் நீயும் அதையே சொல்.

இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது அம்மா. வகுப்பில் தண்ணீர் குடிக்கிறேன், நினைத்தபோது. கையைத் தூக்கினால் மிஸ், "போயிட்டு வா" என்கிறார்கள். அவ்வளவுதான். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் மகள்,
லிசா


மயிலாப்பூர்,
19 ஜூலை 2025

என் தங்க மகள் லிசாவுக்கு,

மாதா உன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வாளாக. தண்ணீர் குடிக்கிறாய் என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். அப்பா வஞ்சிரம் வாங்கும்போதெல்லாம் வால் துண்டு உனக்கு என்று சொல்லிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து என் தட்டில் தள்ளுகிறார். எனக்குத் தொண்டை போய்விட்டது. இந்த வருடமும் மூன்றாம் வகுப்பைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு நல்ல செய்தி. பள்ளிப் பாதுகாப்புக்கும் மாணவர் மனநலத்துக்கும் சேர்த்து அரசு ஒரு சட்ட வரைவு வெளியிட்டிருக்கிறது. பள்ளிதோறும் மனநல ஆலோசகர், புகார் கேட்க ஒரு குழு, இப்படி நிறைய இருக்கிறது. ஆனால் கழிப்பறைக்கு விட மறுக்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை. அடையாற்றில் ஒரு மண்டபத்தில் மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள். பெற்றோர் சங்கத்து வக்கீல் மணிமொழி என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறாள்.

உனக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கலாமா? தேர்வின்போது நீ திரும்பத் திரும்பக் கையைத் தூக்கியும் கணக்கு மிஸ், "நடிக்காதே, உட்கார்" என்றதும், நீ பெஞ்சிலேயே நனைந்துபோனதும், பின்வரிசைப் பையன் ஒளித்துக் கொண்டுவந்த போனில் அதைப் படம் பிடித்ததும், அதன்பிறகு பள்ளியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலே இருந்து நீ மயங்கி விழுந்ததும், இதையெல்லாம் நான் சொல்லாமல் யார் சொல்வது?

எனக்கு மைக்கைக் கண்டு பயமில்லை. வியாழக்கிழமைச் செபக் கூட்டத்தில் எத்தனை சாட்சி சொல்லியிருக்கிறேன். வீட்டில் உள்ளதை மறைக்காமல் சபை முன்னால் சொன்னால் கட்டு அவிழும். அப்பாவின் குடியைப் பற்றிச் சாட்சி சொன்ன அந்த வருடமே அவர் விட்டாரா இல்லையா?

உன் பெயரைச் சொல்ல மாட்டேன். கவலைப்படாமல் படி.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா


திண்டுக்கல்,
27 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ பேச வேண்டாம்.

கோபப்படாமல் படி. சாட்சி சொன்னதால் அப்பா குடியை விட்டார் என்கிறாய். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் நம் கோயிலில் காலே வைக்கவில்லை. ஸ்கூட்டரில் பெசன்ட் நகர் போய்ப் பூசை காண்கிறார். கடவுள் அருளால் விட்டாரா, யார் முகத்திலும் விழிக்க முடியாமல் விட்டாரா என்று நீ அவரிடம் கேட்டதே இல்லை. ஆறாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்றதற்கும் சாட்சி சொன்னாய். மறைக்கல்வி வகுப்பில் ரொம்ப நாள் என்னை "ஏய் சாட்சி" என்றுதான் கூப்பிட்டார்கள். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் மைக் பிடிப்பாயோ என்று பயம்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வரி எனக்கும் வேண்டும். பேசியே ஆக வேண்டுமென்றால் "ஒரு பிள்ளை" என்று சொல். பள்ளி, தெரு, எதுவும் வேண்டாம். உன் பெயரையும் சொல்லாதே. உன் பெயர் தெரிந்தால் என் பெயரும் தெரியும்.

என்னைத் தெரியாதவர்கள் இருக்கிற இடம் எனக்கு இது ஒன்றுதான் அம்மா.

லிசா


மயிலாப்பூர்,
11 ஆகஸ்ட் 2025

என் செல்ல மகள் லிசாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி "ஒரு பிள்ளை" என்றுதான் ஆரம்பித்தேன். மாதா சாட்சி.

மண்டபத்தில் உட்கார இடமில்லை. குழுவின் தலைவர் ஓர் அம்மா, நரைத்த தலை, பொறுமையாகக் கேட்டார். பாதி சொல்லியிருப்பேன், தனியார் பள்ளிகள் சார்பாக வந்த ஒருவர் எழுந்துவிட்டார். "மேடம், யாரோ ஒரு பிள்ளை, எங்கேயோ ஒரு ஸ்கூல். வாட்ஸ்அப்ல வர்ற கதைக்கெல்லாம் சட்டம் போட முடியுமா? பேர் இருக்கா, ஊர் இருக்கா?" என்றார். மண்டபமே சிரித்தது லிசா. உனக்கு நடந்ததைக் கதை என்று சிரித்தார்கள். பெற்ற வயிறு தாங்குமா?

"பேர் இருக்கு சார். லிசா. என் பொண்ணு" என்றேன்.

அவ்வளவுதான், அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு மிஸ் சொன்னதை அவள் குரலிலேயே சொன்னேன். பெஞ்சைத் துடைக்க உன்னிடமே துணியைக் கொடுத்ததையும் சொன்னேன். தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டிவிக்காரர்கள் வாசல்வரை மைக்கோடு வந்தார்கள். அந்த வரியை இப்போது எல்லோரும் "லிசா சட்டம்" என்றே சொல்கிறார்கள். நம் கோயில் ஜாஸ்பர் சாமியார் பூசைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பெருமை கிடைக்கும்?

அப்பாதான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "இன்னா லூயிசா, என்னை மைக்ல ஏத்துனது பத்தலியா? பொண்ணையும் ஏத்திட்டியா?" என்றார். அதிலிருந்து பேச்சு இல்லை. தானாகச் சரியாகிவிடும்.

காலாண்டு விடுமுறைக்கு வா. இறால் தொக்கு செய்து வைக்கிறேன்.

உன் அம்மா


திண்டுக்கல்,
8 அக்டோபர் 2025

அம்மாவுக்கு,

விடுமுறைக்கு வரவில்லை என்று சிஸ்டரிடம் போனில் அழுதாயாம். வர முடியவில்லை. தெருவில் யார் முகத்தைப் பார்ப்பது? எல்லோரும் ஊருக்குப் போனபின் ஹாஸ்டல் அமைதியாக இருந்தது. பூஜா திரும்பி வரும்வரை நன்றாகத்தான் இருந்தேன்.

"எங்கம்மா கடை டிவில பார்த்தாங்க. 'உன் ரூம்ல இருக்கிறது இந்தப் பொண்ணாடி'ன்னு கேட்டாங்க. நீதானா?" என்றாள். இல்லை என்றேன். போட்டோவே வந்துச்சே என்றாள். போட்டோவை யார் கொடுத்தது அம்மா?

அன்றைக்குச் சாயங்காலமே அறையில் பஞ்சாயத்து. "அவளுக்கு மேல் கட்டில் வேணாம்டி, கீழ படுக்கிறவ நனைஞ்சிருவா" என்று ஒருத்தி சொன்னாள். பூஜா சிரிக்கவில்லை. ஆனால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மறுநாள் வேதியியல் வகுப்பில் பதில் சொல்லக் கையைத் தூக்கினேன். பின்னாலிருந்து, "மிஸ், சீக்கிரம் விடுங்க மிஸ், சட்டம் வந்துரும்!" என்று ஒரு குரல். மிஸ்ஸும் சிரித்துவிட்டார்கள். கெட்டவர்கள் இல்லை, அடக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் கையைத் தூக்குவதில்லை. தண்ணீர் பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறேன். மதியத்துக்கு மேல் தலை சுற்றுகிறது. பழைய மாதிரியேதான்.

இரண்டு உதவி செய். நீ மண்டபத்தில் பேசிய அந்த வீடியோவை டிவிக்காரர்களிடம் நீக்கச் சொல். குழுவிடம் என் பெயரை நீக்கச் சொல். அந்த வரைவில், பிள்ளையின் பெயரைப் பெற்றவர்களும் வெளியே சொல்லக் கூடாது என்று எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் அதற்கும் ஒரு வரி கேள்.

லிசா


மயிலாப்பூர்,
20 அக்டோபர் 2025

என் கண்ணே லிசா,

உன் கடிதத்தைப் படித்து அழாத நேரமில்லை. சீரகத் தண்ணீராவது குடி. வெறும் தண்ணீரை விட அது உடம்பில் தங்கும். போட்டோ நான்தான் கொடுத்தேன். போன வருடம் கோயிலில் உறுதிபூசுதல் அன்று எடுத்தது, அதில் நீ அவ்வளவு அழகு.

மணிமொழியிடம் கேட்டேன். வீடியோவை நீக்கச் சொன்னால் பயந்து பின்வாங்கிவிட்டோம் என்று தனியார் பள்ளிக்காரர்கள் ஊர் முழுக்கச் சொல்வார்களாம். பெயரை நீக்கச் சொன்னேன். "அக்கா, லிசான்றது இப்போ உங்க வீட்டுப் பேர் மட்டும் இல்ல" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கையைத் தூக்கிய இடத்தில் அவளே தேம்பிவிட்டாள். ஒரு வகுப்பறையில் நடந்த கொடுமை எவ்வளவு தூரம் துரத்துகிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் கிடையாது என்றாள். நகல் எடுத்துக் குழுவிடம் கொடுத்திருக்கிறோம். தலைவர் அம்மா முழுவதும் படித்தாராம். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு தெளிவான தமிழா என்று கேட்டாராம். மூன்றாம் வகுப்பில் உனக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுத்தது யார்?

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். சிலுவை சுமக்காமல் உயிர்ப்பு இல்லை.

முத்தங்களுடன்,
அம்மா


திண்டுக்கல்,
9 நவம்பர் 2025

அம்மா,

குழுவின் தலைவருக்கு நானே கடிதம் எழுதிவிட்டேன். நீ கூட்டத்தில் கேட்பதற்கு முன்னால் என்னிடமிருந்து தெரிந்துகொள்.

நான் எந்தத் தேர்விலும் நனையவில்லை என்று எழுதியிருக்கிறேன். கணக்கு மிஸ் நல்லவர்கள், கேட்டபோதெல்லாம் வெளியே விட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். என் அம்மாவுக்குச் செபக் கூட்டத்தில் சாட்சி சொல்லும் பழக்கம் உண்டு, கைதட்டு வந்தால் கொஞ்சம் கூட்டியும் சொல்வாள், அப்பாவைப் பற்றியும் அப்படித்தான் சொன்னாள், வேண்டுமானால் எங்கள் பங்குக் கோயிலில் விசாரியுங்கள் என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் படித்த கடிதமும் அம்மா சொல்லி நான் எழுதியது என்று முடித்தேன்.

எல்லாம் பொய். அந்த வரி இதனால் போய்விடலாம் என்று எனக்குத் தெரியும். எங்காவது ஒரு பிள்ளை மறுபடியும் பெஞ்சில் நனைந்து உட்காரும். அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு கடிதத்தைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். பிறகு தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். "ஆமாம், கூட்டிச் சொல்லிவிட்டேன்" என்று மட்டும் சொல். உனக்கு அவமானம்தான். எனக்காக அதை ஒரு தடவை தாங்கிக்கொள். அதன்பிறகு நான் எதையும் கேட்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், தெருவில் நடக்கிறேன், உன்னோடு கோயிலுக்குக்கூட வருகிறேன்.

லிசா


மயிலாப்பூர்,
6 டிசம்பர் 2025

என் அன்பு மகள் லிசாவுக்கு,

அம்மாவுக்குக் கோபம் இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

குழுவின் அடுத்த கூட்டத்தில் தலைவர் அம்மா உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தார். அந்தத் தனியார் பள்ளிக்காரர், "நான்தான் அன்னைக்கே சொன்னேனே மேடம்" என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மணிமொழி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நீ சொல்லச் சொன்னது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் உண்மைக்கு விரோதமாக எப்படிச் சாட்சி சொல்வது? எழுந்து நின்றேன்.

"அவளுக்கு மனசு சரியில்லம்மா. நடந்ததையே நடக்கலைன்றா. இப்பல்லாம் இப்படித்தான் எழுதுறா. அவ எழுதுறதைப் பெருசா எடுத்துக்காதீங்க" என்றேன்.

மண்டபம் அப்படியே உருகிவிட்டது. தலைவர் அம்மா, "பாருங்கள், இதற்காகத்தான் இந்தச் சட்டம்" என்றார். அந்த வரி வரைவில் நிலைத்துவிட்டது லிசா! உன் கடிதம் அதற்குக் கேடு செய்யவில்லை, பலம்தான் சேர்த்தது.

அன்றைக்கே உங்கள் ஹாஸ்டலுக்கும் பேசினேன். வாராவாரம் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருக்கிறார்கள். உன்னை வார்டன் அறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றியதும் நான் கேட்டுத்தான். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, பயப்படாதே. லிசாவுக்கு மனசு சரியில்லை, யாரும் கேலி செய்யக் கூடாது என்று காலைச் செபத்தில் சிஸ்டர் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டார்களாம். இனி நீ யாரிடமும் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

அப்பா திண்டுக்கல்வரை வந்தும் நீ பார்வையாளர் அறைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாம். பரவாயில்லை, கல்கல் பலகாரம் செய்து பார்சலில் அனுப்புகிறேன், எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடு. ஊருக்குத் திரும்பிய அன்றே அப்பா குடித்துவிட்டு வந்தார். இன்னும் நிறுத்தவில்லை.

வருகிற வியாழக்கிழமைக் கூட்டம் முழுக்க உனக்காகத்தான். அடையாறிலிருந்தும் தி. நகரிலிருந்தும்கூட ஆட்கள் வருகிறார்கள். உன்னைப் பார்த்திராதவர்கள் யாருக்காகக் கை நீட்டிச் செபிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? உன் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிப் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா
லூயிசா