அழுகிற முகத்தைத் தொடாதவர்கள்

அக்கா,

இன்று காலை எண்ணூர் பேருந்தில் போகும்போது, மணலி ஆலைகள் பக்கமிருந்து அந்த அழுகிய முட்டை வாடை வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன். "எங்களுக்கு இது தெனமும் இலவசம்மா" என்று நீ இருமிக்கொண்டே சிரிப்பது ஞாபகம் வந்துவிட்டது.

மூச்சிரைப்புக்காரர்களுக்காக உங்கள் குப்பத்துக்கு வாரம் ஒருமுறை மருத்துவ வேன் வந்துகொண்டிருந்த காலம். அதனால் பலன் உண்டா என்று அறிய, கைப்பேசியில் கேள்விப் படிவம் செய்தவள் நான். வீடு வீடாகப் போய் அதைப் பெண்களிடம் நீட்டியவள் நீ. 'மூச்சு இப்போது எப்படி இருக்கிறது?' என்ற கேள்விக்கு ஐந்து முகங்கள் வைத்திருந்தேன், சிரிக்கிற முகம் முதல் அழுகிற முகம் வரை. படிக்கத் தெரியாதவர்களும் தொட்டுவிடலாம் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

முதல் நாளே நீ சொன்னாய். "இன்னாமா இது? காலீல ஆம்பளைங்க கடல்ல கீறாங்க. இந்நேரத்துல எவ அழுவுற மூஞ்சியத் தொடுவா? அபசகுனம்ல. போட்டுங்க கரைக்கு வந்தப்புறம் கேளு. வாயால சொல்லட்டும்."

"அடுத்த தடவை மாத்திக்கலாம்க்கா" என்றேன். அறிக்கைக்கு நாலு நாள்தான் இருந்தது என்பது சாக்கு. செய்த வேலையைக் கலைக்க எனக்கு மனமில்லை. நீ சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று.

எல்லோரும் சிரிக்கிற முகத்தைத் தொட்டார்கள். மூச்சிரைப்பு குறைந்துவிட்டது, இனி வேன் தேவையில்லை என்று எழுதியது இந்தக் கைதான். வேன் நின்றது. அடுத்த மழைக்காலத்தில் உனக்கு மூச்சு முட்டி, ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் உன் வீட்டுக்காரர், "நீ இன்னாமா பண்ணுவ, அழுவாத" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். கூசிப் போனேன். அன்று இரவு உன் பதிலைத் தேடிப் பார்த்தேன். நீயும் சிரிக்கிற முகத்தைத்தான் தொட்டிருந்தாய். அந்தக் காலையில் அவரும் கடலில்தானே இருந்தார்.

இப்போது படிவத்தில் முகங்கள் கிடையாது. படகுகள் கரை சேர்ந்த பிறகு போகிறோம். பெண்கள் தங்கள் பேச்சில் சொல்கிறார்கள், கைப்பேசி பதிந்துகொள்கிறது. வேனைத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

போன வாரம் உன் அடுத்த வீட்டுக்காரி, தன் மூச்சிரைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"இத்த அப்பவே இப்டி கேட்டிருந்தா அக்கா இருந்துருக்கும்ல?"

அந்தப் பதிவு என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. அந்தக் கேள்வியை நான் அழிக்கவில்லை.