ஃபிளாப்பிக்கு வைத்த சந்தனம்

21-10-1988, வெள்ளி. பெரம்பலூர்.

ஆயுத பூஜையன்று நம் இன்ஸ்டிட்யூட் டைப்ரைட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, கம்ப்யூட்டரைக் கிளப்புகிற டாஸ் ஃபிளாப்பிக்கும் வைத்துவிட்டேன். அதுவும் உள்ளே தகடு தெரிகிற இடத்தில், பெரிதாக, பக்தியோடு.

இன்று காலை கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை. டாஸை மறுபடி ஏற்ற வேண்டுமாம். ஏற்ற வேண்டிய ஃபிளாப்பியோ சந்தனப் பொட்டோடு இருக்கிறது. மகள் மலர் மாதக்கணக்கில் அடித்த காலேஜ் புராஜெக்ட் முழுதும் மெஷினுக்குள். அவள் என்னைத் திட்டவில்லை. தை மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற அரியலூர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

அவர் வேறு ஃபிளாப்பியோடு பஸ் பிடித்து வந்தார்.

"ஃபார்மேட் பண்ணிடலாங்களா மாப்ள?" என்றேன், தெரிந்தவன் போல.

"ஐயோ மாமா, பண்ணுனா எல்லாம் அழிஞ்சிடுங்க. சிஸ்டத்த மட்டும் ஏத்துனா போதும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்."

அப்படியே இருந்தது. மலர் அவரைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதுதான். அவள் சைக்கிளுக்கு நான் செயின் மாட்டிய நாட்களில் அது எனக்குக் கிடைத்தது.

"மாமா வச்ச சந்தனந்தான் ஃபைலக் காப்பாத்திருக்கு, இல்லன்னா மாமாவே ஃபார்மேட் பண்ணிருப்பாங்க" என்றார் மாப்பிள்ளை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். தங்கமான பையன். அதுதான் எரிகிறது, குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும், "இனிமே எதுன்னாலும் அவர்கிட்டயே கேட்டுக்கறேம்ப்பா, நீங்க அலைய வேணாம்" என்றாள்.

சரிம்மா என்றேன். எனக்குத் தெரியாவிட்டாலும் முதலில் என்னைக் கூப்பிடு என்று சொல்லவில்லை.