தாய்மாமன் சீர்

ரக்‌ஷா கண்ணு,

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் உன் அப்பா, அம்மா, மதன் மாமா, பக்கத்து வீட்டுக் காமாக்ஷி ஆன்ட்டி, உன் வகுப்பில் படிக்கும் அவள் மகன் ரோஹன். "டோன்ட் டெல் எனிஒன், பாட்டி" என்று காலையில்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாய். நானோ சோறு போட்டுக்கொண்டே, "மதன் தம்பி, புள்ள பெரியவளாயிட்டா, தாய்மாமன் சீர் எப்பங்க கொண்டாறீங்க?" என்று கேட்டுவிட்டேன். ரோஹனுக்குத் தமிழ் நன்றாகப் புரியும்.

ஒன்பது நாளாக உன் கதவு சாத்தியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். இன்னொரு தடவை அமெரிக்காவுக்கு, இந்த ரிச்சர்ட்சனுக்கு வர உடம்பில் தெம்பில்லை, கண்ணு.

உனக்குத் தமிழ் படிக்க வராது. போனைக் காட்டினால் அதுவே படித்துச் சொல்லுமாமே. அப்பாவிடம் கொடுக்காதே.

எனக்குப் பதின்மூன்று வயதில் என் அத்தை நடுத்தெருவில் நின்று இதே சேதியைக் கூவினாள். கூடப் படித்த பையன்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடத்துப் படி ஏறவே இல்லை.

நீ என் பேத்தி. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. போவதற்குள் ஒரு தடவை கதவைத் திற, போதும்.

அத்தை சாவுக்குக்கூட நான் போகவில்லை. அறுபது வருடம் ஆயிற்று, இன்னும் மன்னிக்கவில்லை அந்த வசந்தாமணி அத்தையை.

உன் பாட்டி