எல்லாமே நடக்கிற தூரம்

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. முட்டியைத் தவிர இங்கே எல்லாரும் நலம். உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? வெந்நீர் வைத்துக் கொடுக்கச் சொன்னேனே, செய்தாயா, இல்லை வழக்கம்போல மாத்திரையை நீட்டிவிட்டாயா?

அடுத்த மாதம் நீங்களும் இந்த ஊருக்கு வரப் போவதாகவும், இதே ஓட்டலில் அறை போடலாமா என்றும் அண்ணனிடம் போனில் கேட்டாயாமே. கண்ணை மூடிக்கிட்டுப் போடு, எல்லாமே நடக்கிற தூரம்தான் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் போடாதே. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்களிடம் இருப்பது ஒரே போன், அதுவும் அவர் சட்டைப் பையில். போதாததற்கு, போனில் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்த கையோடு அவரிடமே கேட்டும் விடுவாய்.

அவர் இந்த ஓட்டலைப் பிடித்த கதையைக் கேள். சர்வேயராக இருந்து ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவர், ரிட்டயர் ஆன பிறகு அளக்க ஒன்றும் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஊர் மேப்பை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து, நாலு மூலையிலும் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, காம்பஸால் வட்டம் போட்டார். ஸ்டேஷன், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, மியூசியம், கடற்கரை எல்லாம் வட்டத்துக்குள் வர வேண்டுமாம். வயசான காலத்துல பஸ்ஸுக்கு அலையக் கூடாது, உன் முட்டிக்காகத்தான் இவ்வளவும் என்றார். சொல்லி வைத்த மாதிரி வட்டத்தின் நடுவில் இந்த ஓட்டல். போன் போட்டு வெந்நீர் வருமா, வாசல்வரை வண்டி வருமா என்றெல்லாம் துருவினார். எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. நிலம் அளந்தவருக்கு உலகமே தட்டை.

அறை மூன்றாம் மாடியில். லிப்ட் கிடையாது. கீழ்த்தளம் முழுக்கக் கடைகள். பழைய கட்டடம், ஒவ்வொரு படியும் இரண்டு படி உயரம். வந்த அன்று வீம்புக்கு ஏறிவிட்டேன். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி பழி வாங்கும் என்பது மறுநாள் காலை தெரிந்தது. இரண்டு படி இறங்கியதும் வலது கால் மடங்கிக்கொண்டது. போன வருஷம் மொட்டை மாடிப் படியில் விழுந்தது கண்முன் வந்து நின்றது. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். உன் அண்ணன்தான் தோளைப் பிடித்து மெல்ல மேலே கூட்டி வந்தார்.

மேனேஜர் நல்ல மனுஷன். நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்கிவிடுவதாகச் சொன்னார். என் கனத்துக்கு அப்புறம் அந்த நாலு பேரையும் யார் தூக்குவது என்று சிரித்துச் சமாளித்தேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. நாலு பேர் என்னைத் தூக்கிப் போவதை உன் அண்ணன் இப்போதே பார்க்க வேண்டாம். வேறு ஓட்டலுக்குப் போகலாம் என்றாலும் முதலில் இறங்கியாக வேண்டுமே. கிளம்புற அன்னைக்குப் பாத்துக்கலாம், அதுவரைக்கும் நீ அசையக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இந்த அறைதான். ஒரு கட்டில், ஒரு பீரோ, பாதி திறக்கும் ஜன்னல். சுவரில் இருக்கும் பல்லி என்னைவிட அதிகமாக ஊர் சுற்றுகிறது. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வந்தவர், அவராவது பார்க்கட்டும் என்று தினமும் காலையில் தள்ளாத குறையாக அனுப்பி வைக்கிறேன். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து எல்லாம் சொல்வார். மியூசியத்தில் திமிங்கில எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்குகிறதாம். கடற்கரைக் காற்றில் செருப்பே பறந்துவிடுமாம். அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை புழுக்கம் தாங்காமல் ஜன்னலை முட்டித் தள்ளினேன். முழுதும் திறந்துகொண்டது. எட்டிப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் டீக்கடை, அதை ஒட்டித் தபால்பெட்டி, மரத்தடியில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் உன் அண்ணன். அந்த வழுக்கையை எத்தனை மாடி மேலிருந்தும் எனக்கு அடையாளம் தெரியும். ஓட்டலில் சும்மா கொடுக்கும் ஊர் விளக்கப் புத்தகத்தை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் கலங்கரை விளக்கத்தின் கதை வந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். கேட்டிருந்தால் அந்தப் பெஞ்சையும் விட்டுவிட்டு அறையிலேயே உட்கார்ந்துவிடுவார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த முட்டி என்னை மட்டும் கட்டிப் போட்டிருந்தால் பொறுத்துக்கொள்வேன். அவரையும் சேர்த்தல்லவா கட்டிப் போட்டிருக்கிறது. தினமும் பார்க்கிறேன், ஒரு தடவைகூட அவர் தலை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்ததில்லை. உயரம் என்பது அவர் கணக்கில் என்றைக்குமே வந்ததில்லையே.

ஆகவே அவர் பெஞ்சில் உட்கார்ந்து மியூசியம் பார்க்கிற நேரத்தில், நான் படியில் உட்கார்ந்து இறங்கப் பழகினேன். கைக்குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து. மேலே திரும்புவதும் அப்படியேதான். நேற்று இரண்டாம் மாடியில் அறை துடைக்கிற அம்மாள் பார்த்துவிட்டாள். வெட்கத்தில் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் வாளியை ஒதுக்கி வைத்து, பாத்து வாங்கம்மா, அந்தப் படி ஈரமா இருக்கு என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கித் தந்தவளும் அவள்தான்.

இன்று முழுக்க இறங்கப் போகிறேன். பெட்டியைக் கட்டிவிட்டேன், அதை மேனேஜர் இறக்கட்டும். மறுபடி இங்கே ஏறுவதாக இல்லை. இனி வட்டத்துக்கு வெளியே ஏதோ ஒரு மூலையில் அறை கிடைத்தாலும் சரி, தரைத்தளமாக இருந்தால் போதும். தெருவைத் தாண்டிப் போய், பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மியூசியத்துலேர்ந்து இப்பதான் வர்றீங்களா என்று கேட்பேன். என்ன சொன்னாலும் நம்பிவிடுவேன். அப்புறம், எனக்கும் அந்தத் திமிங்கிலத்தைக் காட்டுங்கள் என்பேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கலங்கரை விளக்கத்தைப் பற்றி அவர் அளந்துவிட்டால் குறுக்குக் கேள்வி போடாதே. உன் வாய் எனக்குத் தெரியும். அப்படியாண்ணே என்று கேட்டுக்கொள், போதும்.

நீங்கள் அடுத்த மாதம் என்று தள்ளிப் போடாதீர்கள். கால் நடக்கிறபோதே புறப்பட்டு வாருங்கள். நீயும் உன் வீட்டுக்காரரும் நல்ல கால்களோடு நெடுநாள் இருக்க வேண்டும்.

படியில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் இந்தக் கடிதமும் என் மடியிலேயே கிடக்கும். தபால்பெட்டி வரைக்கும் இதை நானேதான் கொண்டுபோவேன், வேறு யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. ஆகவே இது உன் கையில் இருக்கிறதென்றால், நான் தரையில் கால் வைத்துவிட்டேன்.

உன் பிரியமுள்ள அண்ணி