இடது பக்கம் கேட்ட மூச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தப் பனியில் உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் கூடிவிடவில்லையே? நான் நலம்.

போன வாரம் எங்கள் டோக்கியோ கடைக்கு உயர்ந்த ரக ஹெட்ஃபோன்கள் இரண்டு வந்தன; ஒன்று கனமானது, மற்றது லேசானது. ஒப்பிட்டு எழுதுவது என் வேலை. இரண்டிலுமே இடது பக்கம் ஒலி மங்கலாகக் கேட்டது. பழுது என்று நினைத்து, உடன் வேலை செய்யும் ஹோரிகோஷியிடம் கேட்டுப் பார்க்கக் கொடுத்தேன்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, சிசுரு. கோளாறு உன் காதுல. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கடைய யாரு பாக்குறது?"

"கடை எங்கயும் ஓடிடாது. காது போனா வராது."

அன்றே போனதால் மருந்திலேயே சரியாகிவிட்டது, பயப்பட வேண்டாம். நேற்று அந்த இரண்டிலும் மறுபடி கேட்டேன். கனமான ஹெட்ஃபோனில், பியானோ வாசிப்பவர் மூச்சை இழுப்பதுகூட இடது காதில் தெளிவாக விழுந்தது. கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு மணி நேரத்தில் கழுத்து வலித்தது. லேசானதில் அந்த நுணுக்கம் இல்லை; மாலைவரை மாட்டியிருந்தும் தலையில் இருப்பதே தெரியவில்லை. ஒலிக்கு அது, சுகத்துக்கு இது என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் செய்த கைகளைக் கும்பிடலாம்.

முள்ளங்கி ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். போன் செய்தால், சாப்பிட்டாயா என்று கேட்டதும் வைத்துவிடாதீர்கள். பேசாமல் அடுப்படி வேலையைப் பார்த்தாலும் சரி, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

மகள்,
சிசுரு