பூ போட்ட பட்டன்

ஷிப்ட் முடிந்து திருவொற்றியூர் வீட்டுக்கு வந்த வரதன், மிக்சிக்கு அடியில் மனைவி மதி எழுதி வைத்திருந்த சீட்டை உருவினான். எந்தக் கேமரா வாங்குவது என்று காலையில் போட்ட சண்டை இன்னும் ஆறவில்லை என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது.

"யோவ், கருவாட்டுக் குழம்பு மூடி வச்சுகீறேன், துன்னு.

உன் தோஸ்து பாக்கக் குடுத்த ரெண்டு கேமராவுல, விலை கம்மியா கீற செவப்பே போதும். நெட்ல பழைய சாமான் விக்க அது தாராளம். ஆனா அதுல பூ படம் போட்ட பட்டன், கிட்ட கீற சாமானைத் தெளிவா எடுக்கறதுக்குய்யா. சாமானுக்குப் பூ வைக்கறதுக்கு இல்ல! மிக்சில பூ நிக்கலன்னு, பின்னாடி சுவத்துல கீற என் போட்டோவுக்கு மாட்டி எடுத்துகீறியே, அறிவு கீதா?

நீ நெட்ல ஏத்துன படத்தைப் பாத்துட்டு மணலி புதுநகர்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணாரு. 'போட்டோவுல இருக்கற அம்மா எப்போ தவறுனாங்க?'ன்னு என்கிட்டயே கேக்கறாரு. பேஜாராயி, நான் அவங்க தங்கச்சின்னு உளறிட்டேன். சுமங்கலியா போனவங்க புழங்குன மிக்சி ராசியாம், அதான் வேணுமாம். நாலு மணிக்கு வராரு. சிரிச்சுத் தொலைக்காத. போட்டோவுல பூ வாடிப்போச்சு, புதுசு வாங்கி மாட்டு."

அடியில் இடம் போதாமல், எழுத்து ஓரமாகச் சாய்ந்து ஏறியிருந்தது.

"நான் பக்கத்து வூட்லதான் கீறேன். அவரு என்னப் பத்திக் கேட்டா ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லு. சுவத்தாண்ட நின்னு கேட்டுகினு இருப்பேன்."