துக்க வருஷத்துப் புத்தரிசி

நேற்று காரைப் பார்க்க மெக்கானிக் வந்திருந்தார். நீங்கள் போனபின் ராமேஸ்வரம் போய்வந்ததோடு சரி, அது வாசலிலேயே வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. விற்றுவிடலாம் என்கிறான் மகன். டிக்கியைத் திறந்தவர், "டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க, உள்ள நாத்தங்கால் போட்டிருக்கீங்க!" என்று சிரித்தார். விரிப்பின் ஓரத்தில், தண்ணீர் கசிந்த இடத்தில், நாலைந்து நெற்பயிர்கள் வெளுத்துப்போய் நின்றன. விதைமூட்டையிலிருந்து சிந்தியவை. நானும் சிரித்தேன். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

உத்தரகோசமங்கைப் பக்கம் அந்த நிலத்தை நீங்கள் வாங்கியபோது, "ரிட்டயர் ஆனவங்க கொடைக்கானல் போவாங்க. நாம பொட்டல்காட்டுக்கா?" என்று கேட்டேன். "ஒரே ஒரு பொங்கல், டீச்சர். நம்ம நெல்லுல, நம்ம பானையில. அது போதும்" என்றீர்கள்.

சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து தலையணை, தண்ணீர் கேன், கொசுவர்த்தி, பேரப்பிள்ளைகள் என்று கார் நிறையப் போவோம். தகரக்கூரை போட்ட ஓர் அறைதான் நம் பண்ணைவீடு. பக்கத்து நிலத்து முத்துராக்கு நம் நிலத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். முதல் வருஷம் அவளும் ஊரும் காய்ந்த புழுதியில் விதைத்தபோது நீங்கள் விதைக்கவில்லை. மழை வந்து மண் நனையட்டும் என்று காத்திருந்தீர்கள். மழை வந்தது. டிராக்டர் சேற்றில் புதைந்தது. ஊர் வயல் பச்சையாக நின்றபோது நம் வயலில் தண்ணீர் மட்டும் நின்றது.

"ஏன் சாரு, வைகைத் தண்ணிய எதிர்பாத்தீகளா?" என்று அவள் கேலி செய்தாள்.

"மழை வராட்டி விதை வீணாப் போகுமே?"

"வரும்னுதேன் போடுறது. வந்தபெறகு போடுறதுக்கு நாம எதுக்கு?"

அது எனக்கு உடனே புரிந்தது. வகுப்பில் வராத பிள்ளையின் இடத்திலும் நான் ஒரு வினாத்தாள் வைத்துவிடுவேன். தாமதமாகவாவது வந்துவிடுவான் என்ற நம்பிக்கைதான்.

அடுத்த வருஷம் புழுதியில்தான் விதைத்தீர்கள். கதிர் வந்த நேரத்தில் மழை நின்று எல்லாம் சாவியாகப் போயிற்று. உமியைப் பிரித்தால் உள்ளே அரிசி இல்லை. இன்னொரு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை கொட்டிக் கதிர் வயலிலேயே முளைத்துவிட்டது. ஒவ்வொரு தைக்கும் மதுரைக் கடையில் வாங்கிய பச்சரிசியைத்தான் அந்த வரப்பில் பொங்கினோம். பானையில் அரிசியைப் போடும்போது மட்டும் நீங்கள் வயல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள்.

போன ஆவணியில் கடைசி முறையாக விதைத்தீர்கள். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் கத்த, வெறுந்தலையோடு வயலின் கோடிவரை நடந்தீர்கள். புரட்டாசியில், ஒரு காலையில், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தீர்கள். அவ்வளவுதான். விதை அப்போது புழுதிக்குள்தான் கிடந்தது.

காரியம் முடிந்த மறுநாள் முத்துராக்கு போன் செய்தாள். "டீச்சரம்மா, இங்கன நல்ல மழை." சில நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். "சாரு போட்டது மொளைச்சிருச்சு." சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

அந்த வருஷம் எந்தக் குறையும் வரவில்லை. வேண்டிய நேரத்தில் பெய்தது, வேண்டிய நேரத்தில் வெறித்தது. பொங்கலுக்கு முன்பே ஒரு மூலை முற்றிவிட, அதை மட்டும் அவள் கையால் அறுத்து, அரைத்து, பச்சரிசியாக மதுரைக்கே கொண்டுவந்தாள். மகன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "நமக்குத்தான் இந்த வருஷம் பொங்கல் இல்லையேம்மா" என்றான்.

"துக்கம் வீட்டுக்குத்தேன். நெல்லுக்கு என்னய்யா தெரியும்?" என்றாள் முத்துராக்கு. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுப் பானையில வச்சுருவமா? நீங்க வந்து நின்னா போதும்."

அன்பாகத்தான் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். நீங்கள் கேட்டது நம் பானையில் அல்லவா? பொங்கலன்று தெருவெல்லாம் பொங்கலோ பொங்கல் என்று கேட்டது. நம் வீட்டில் இட்லி அவித்தோம். பை சமையலறை மூலையில் கட்டு அவிழாமல் இருந்தது.

தை அமாவாசைக்கு உங்களுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போவதென்று முடிவானது. புறப்படும்போது நான்தான் அந்தப் பையைத் தூக்கிக் காரில் வைத்தேன். முதல் நாளே நம் நிலத்துக்குப் போய்த் தங்கி, விடியுமுன் அதே வரப்பில் கல் கூட்டினேன். பாலில்லை, வெல்லமில்லை, குலவையில்லை. வெறும் சோறு. முத்துராக்கு சுள்ளி ஒடித்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடற்கரையில் அத்தனை கூட்டம். மகன் எள்ளைத் தூவிச் சோற்றைப் பிசைந்து உருட்டினான். உருண்டை சரியாகச் சேரவில்லை, மறுபடியும் அழுத்திப் பிடித்தான். "அப்பா, உங்க அரிசிப்பா" என்று மட்டும் சொல்லித் தண்ணீரில் விட்டான். அந்த நெல்லை முதலில் உண்டவர் நீங்கள்தான். அப்படியாவது நடக்கட்டும் என்றுதான் பொங்கல் நாள் முழுதும் அந்தப் பையை நான் திறக்காமல் வைத்திருந்தேன் போலும்.

தூக்குவாளியின் அடியில் கொஞ்சம் சோறு மிச்சமிருந்தது. காருக்குள் உட்கார்ந்து நானும் மகனும் ஆளுக்கு ஒரு கை எடுத்துக்கொண்டோம். குழம்பில்லை, மோரில்லை. அவன் மெதுவாக மென்றான். நானும்தான். அன்றைக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அடி கொஞ்சம் பிடித்துவிட்டது. மற்றபடி நல்ல அரிசிங்க. வெறுஞ்சோறாவே திங்கலாம்.